பழைய பெட்ரோல் பிக்கப்பில் டர்போ டீசல் எஞ்சின் பொருத்துதல்: எதை எப்போது செய்வது, முழு வழிகாட்டி

எஞ்சினைத் தூக்கி உள்ளே இறக்குவது ஒரு நாள் வேலை. பாதியில் நின்றுபோன வண்டிகளைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் எஞ்சின் உள்ளே உட்கார்ந்துதான் இருக்கும். ஆனால் கியர் லீவர் சீட்டுக்கு அடியில் வந்து முட்டும், ரேடியேட்டருக்கு இடம் இருக்காது, பிரேக் மிதி கல்லாக இருக்கும். வேலை தெரியாததால் வருவதல்ல இது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டை முதலில் வெல்டு அடித்துவிட்டு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால் வருவது.

இங்கே சொல்வது தனி சேஸிஸ் உள்ள, பின்சக்கரத்தில் இழுக்கும் பழைய பெட்ரோல் பிக்கப்புக்கு. எடுத்துக்காட்டுக்குக் கம்மின்ஸ் 4பிடி (3.9 லிட்டர், நான்கு சிலிண்டர்), 6பிடி (5.9 லிட்டர், ஆறு சிலிண்டர்) இரண்டையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேறு எஞ்சின் என்றால் அளவுகள் மாறும். வேலையின் வரிசை இதுவேதான்.

1. காசு கொடுப்பதற்கு முன்: எடை, உயரம், ஆர்.பி.எம்.

4பிடி சுமார் 340 கிலோ. 6பிடி சுமார் 500 கிலோ. பழைய பிக்கப்களின் பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் 200 முதல் 270 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆகவே 4பிடி போட்டால் முன் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றினால் போதும். 6பிடி என்றால் முன் ஆக்சில், பிரேக், ஸ்டியரிங் பாக்ஸ் மூன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரை டன் பிக்கப்புக்கு 6பிடி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

நேர்வரிசை டீசல் எஞ்சின் நீளத்தைவிட உயரத்தில்தான் சிக்கல் தரும். சேஸிஸின் முன் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரிலிருந்து பானட்டின் உள்தகடு வரை அளந்து வையுங்கள். ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடித்தொட்டி) ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிராஸ் மெம்பருக்கு நேர்மேலே சம்ப் வந்தால் ஒன்று எஞ்சின் உயரும், இல்லையென்றால் சம்ப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டெலிவரி வேன்களில் வந்த 4பிடி 2500 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரத்தில் முழு சக்தி தருவதாக அமைக்கப்பட்டது. பெட்ரோல் எஞ்சின் அந்த வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போகும். டயரின் விட்டம் 75 செ.மீ. என்றால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 707 முறை சுற்றுகிறது. ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றும்) 4.10, டாப் கியர் 1:1 என்றால் எஞ்சின் 2900 சுற்ற வேண்டும். அதில் நீண்ட நேரம் ஓடாது. ஆக்சில் 3.55, ஓவர்டிரைவ் (1:1-ஐவிட வேகமான கியர்) 0.75 என்றால் 1880 ஆகிறது; இழுவையும் மைலேஜும் அங்கேதான் இருக்கின்றன. கியர்பாக்ஸ், ஆக்சில் இரண்டையும் இந்தக் கணக்கைப் போட்ட பிறகே வாங்குங்கள்.

இதோடு, எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் பகுதியின் வாகனப் பதிவு, புகை விதிகள் இந்த மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்று முதலில் எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் பதில் எதுவானாலும் செலவு போனது போனதுதான்.

2. எஞ்சின் வாங்கும்போது

பழைய வண்டிக்கு மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சினே நல்லது. கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சினுக்கு அந்தக் கணினி, வயரிங், சென்சார், மிதி எல்லாம் அதே வண்டியிலிருந்து முழுதாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அங்கேயே நிற்கும்.

முடிந்தவரை ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைப் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயின் மேல் வையுங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறியப்பட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். டர்போவின் காற்றுக்குழாயைக் கழற்றி ஷாஃப்ட்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் கையில் தெரியும்படி நகரக் கூடாது, விசிறி இதழ் கூட்டில் உரசிய தடமும் இருக்கக் கூடாது.

ஃப்ளைவீல், ஃப்ளைவீல் ஹவுசிங், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், எஞ்சின் மவுண்ட் கைகள், எல்லா போல்ட்டுகளும் சேர்த்தே வாங்குங்கள். செல்ஃப் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று தகட்டில் படித்துவிடுங்கள். தனித்தனியாகத் தேடினால் இந்தச் சில்லறைச் சாமான்களே எஞ்சின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

3. தரையில் இருக்கும்போதே எஞ்சினைச் சரிசெய்தல்

கசிவு, சீல், கேஸ்கெட் எதுவானாலும் இப்போதே முடியுங்கள். ரியர் மெயின் சீல், ஃப்ரன்ட் சீல், டேப்பெட் கவர் கேஸ்கெட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடலாம். பின்னால் உள்ள சீலை வண்டிக்குள் வைத்து மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

சிலிண்டருக்கு இரண்டு வால்வ் உள்ள கம்மின்ஸ் 4பிடி, 6பிடியில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. முன்பக்க டைமிங் கியர் கவருக்குப் பின்னால், கியர் ஹவுசிங்கை பிளாக்கோடு நேர்ப்படுத்தும் சின்ன எஃகு டவல் பின். அது வெறும் இறுக்கத்தில் மட்டும் நிற்கிறது. வருடக்கணக்கான அதிர்வில் மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் கியர்களுக்கு நடுவே விழும். கியர் கவர் உடையும், நேரம் மோசமானால் கேம் கியரும் போகும். தடுப்பது எளிது: கவரைத் திறந்து, பக்கத்து போல்ட்டின் அடியில் ஒரு சிறு தகட்டைச் செருகி, அது பின்னின் வாயை மறைக்கும்படி இறுக்கிவிட வேண்டும். போல்ட்டுக்கு லாக் பசை போட மறக்காதீர்கள். ரேடியேட்டரும் விசிறியும் வந்த பிறகு இந்தக் கவரை எட்டுவதே பெரும்பாடு.

வால்வ் கிளியரன்ஸும் இப்போதே. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ.

4. கியர்பாக்ஸை இணைத்தல்

டீசலின் ஒவ்வொரு வெடிப்பும் கியரின் பல்லில் அடியாக இறங்கும். பெட்ரோல் எஞ்சினோடு வந்த லேசான கியர்பாக்ஸ் குதிரைத்திறன் கணக்கில் தாங்கலாம். டார்க் (திருப்புவிசை) கணக்கில் தாங்காது. டீசல் வண்டியிலேயே ஓடிய, ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பாக்ஸைத் தேடுங்கள்.

அடாப்டர் தகடு போடுகிறீர்கள் என்றால் டயல் கேஜை ஃப்ளைவீலில் மேக்னட்டால் நிறுத்தி, பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸின் முன் கூடு) நடுத்துளை விளிம்பில் முள்ளை வைத்து, கிராங்க்கை ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள். முள் 0.20 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. அதற்கு மேல் போனால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கிராங்க்கின் நேர்கோட்டில் இல்லை. பைலட் பேரிங் (அந்த ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்குவது) சில ஆயிரம் கிலோமீட்டரில் போய்விடும், கிளட்சும் இழுத்துப் பிடிக்கும். கண்ணால் பார்த்து ‘நேராத்தான் இருக்கு’ என்று விடும் இடம் இதுவல்ல.

இன்புட் ஷாஃப்ட்டின் நுனி பைலட் பேரிங்குக்குள் எவ்வளவு நுழைகிறது என்றும் அளந்து பாருங்கள். முட்டினாலும் தவறு, எட்டாமல் நின்றாலும் தவறு. பெல் ஹவுசிங் கையால் தள்ளியே முழுதாக உட்கார வேண்டும். போல்ட்டால் இழுத்து உட்காரவைத்தால் ஏதோ ஒன்று உள்ளே நசுங்குகிறது.

5. பழைய எஞ்சினை இறக்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

நான்கு சக்கரங்களிலும் மட்கார்ட் விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை அளவு, கியர்பாக்ஸ் பின்முனையின் சாய்வு, ஆக்சில் பினியனின் (புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆக்சிலோடு சேரும் முனை) சாய்வு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம், கியர் லீவர் தரையில் வரும் இடம். இத்தனையும் எழுதி வையுங்கள், படமும் எடுங்கள். எஞ்சின் வெளியே போனதும் முன்பக்கம் எழும்பிவிடும். அப்புறம் அளந்தால் எந்த அளவும் உதவாது.

பிறகு எஞ்சின் அறையைக் கழுவி, சேஸிஸில் துருவும் விரிசலும் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மவுண்ட் வரும் இடத்தில் சேஸிஸ் திறந்த ‘சி’ வடிவமாக இருந்தால், 3 முதல் 5 மி.மீ. தகட்டால் மூடிப் பெட்டியாக்க வேண்டும். கூடுதல் எடையும் டீசல் அதிர்வும் திறந்த விளிம்பை முறுக்கும்.

6. ஒத்திகை: எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக

மொத்த வேலையின் இதயம் இதுதான். அவசரப்படாதீர்கள்.

எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர், ஃபேன் எல்லாம் பூட்டிய நிலையில் ஒரே துண்டாகச் செயின் பிளாக்கில் இறக்குங்கள். வெறும் பிளாக்கை வைத்து மவுண்ட்டின் இடத்தை முடிவுசெய்தால் டர்போ ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) இடிக்கும், ஆல்டர்னேட்டர் ஸ்டியரிங் பாக்ஸில் உட்காரும். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி, கியர்பாக்ஸுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி. செயினை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம்.

இடம் பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் ரேடியேட்டரையும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் அவற்றின் இடத்தில் நிறுத்துங்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் 25 முதல் 40 மி.மீ. இடைவெளி விட்டால் எஞ்சின் முன்னால் எவ்வளவு வரலாம் என்ற எல்லை கிடைக்கும். ஃபயர்வால் பின் எல்லை. சம்ப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் 20 மி.மீ.யாவது கீழ் எல்லை. பானட் மேல் எல்லை. இந்த நான்குக்குள் எவ்வளவு பின்னாலும் கீழேயும் வைக்க முடியுமோ அவ்வளவு வையுங்கள்; முன் ஆக்சிலின் சுமை குறையும்.

எஞ்சின் அசையும் என்பதை நினைவில் வையுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டார்க்கில் ஒருபக்கம் திரும்பும், நிறுத்தும்போது 4பிடி முழுதாகக் குலுங்கும். சும்மா நிற்கும்போது 10 மி.மீ. இடைவெளி போதுமெனத் தோன்றும் இடம், ஓட்டத்தில் உரசும் இடம். ஸ்டியரிங் ஷாஃப்ட்டுக்கும் பிரேக் குழாய்க்கும் 25 மி.மீ. குறையாமல் விடுங்கள். டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்) போகும் வழியைக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கை நுழையாத சந்தில் 76 மி.மீ. குழாய் நுழையாது.

அடுத்தது கோணம். வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஆக்சில் தொங்கக் கூடாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்பக்கம் சுமார் 3° தாழ்ந்திருந்தால், பினியன் அதே 3° மேல்நோக்கி இருக்க வேண்டும். இரண்டின் நேர்கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக அமையும். ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயின்ட்டும் 1° முதல் 3° வரை வேலை செய்யட்டும். இரண்டுக்கும் இடையே ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மணிக்கு 70, 80 கி.மீ.யில் தரை அதிரும். பலர் அதை டீசல் அதிர்வு என்று நினைத்து மவுண்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

7. மவுண்ட்

எல்லாம் சரியான இடத்தில் நிற்கும்போது மட்டும் மவுண்ட் தகடுகளை டேக் வெல்டு (புள்ளியாகப் பிடித்துவைக்கும் தற்காலிக வெல்டு) அடியுங்கள். ஜாக்கியை மெல்ல இறக்கி, எடையை மவுண்ட் வாங்கிய பிறகு எல்லா இடைவெளியையும் திரும்ப அளங்கள். ரப்பர் 5 முதல் 10 மி.மீ. அமுங்கும், சம்ப் அளவு அங்கேதான் ஏமாற்றும். சரியாக இருந்தால் எஞ்சினை வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்து, துரு காப்பு பெயின்ட் அடியுங்கள். எஞ்சின் உள்ளே இருக்கும்போது முழு வெல்டிங் வேண்டாம்: ரப்பர் வேகும், அடிப்பக்கத்து வெல்டு அரைகுறையாகும்.

4பிடிக்குக் கடினமான பாலியூரித்தேன் புஷ் போடாதீர்கள். பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத பெரிய நான்கு சிலிண்டர் அது. அதிர்வு முழுவதும் கேபினுக்கு வரும், டேஷ்போர்டு திருகுகள் தானாகக் கழன்று விழும். மென்மையான ரப்பர் அல்லது திரவம் நிரப்பிய மவுண்ட்தான் வேண்டும்.

8. குளிர்விப்பும் காற்றும்

பெட்ரோலுக்கு இருந்த பழைய ரேடியேட்டர் காலியாக ஓடும்போது தாங்கும், சுமையோடு மேட்டில் ஏறினால் தாங்காது. கோர் பெரிதாக வேண்டும், முழு ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு) வேண்டும். ஷ்ரவுட் இல்லாத ஃபேன், தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் கிளறும்.

இன்டர்கூலர் குழாய்க்கு 63 முதல் 76 மி.மீ. விட்டம் போதும். குழாய் முனையில் ஒரு மேடு உருட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) ஏறும்போது ஹோஸ் கழன்று போகும். சாதாரணத் திருகு கிளிப்புக்குப் பதில் டி-போல்ட் கிளாம்ப்.

டர்போவின் ஆயில் வடிகுழாய் கூடியவரை செங்குத்தாக இறங்க வேண்டும். எங்கும் ‘யு’ வளைவு கூடாது. அழுத்தத்தில் போகும் ஆயில், அழுத்தமில்லாமல் வடிகிறது. தேங்கினால் சீல் வழியாக இன்டேக்குக்குள் புகுந்து நீலப்புகை வரும். டர்போவின் ஆயில் இணைப்புகளில் சிலிகான் பசை தடவாதீர்கள். உதிரும் துணுக்கு பேரிங்கை அடைத்துவிடும்.

9. டீசல் லைன்

பெட்ரோல் டேங்க்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் துருவும் பிசினும் போகக் கழுவி, முழுதாக உலர்த்தியபின். டீசல் எஞ்சினுக்கு ரிட்டர்ன் லைன் கட்டாயம். பம்ப்பையும் டீசல் பீச்சும் நாசிலையும் குளிர்வித்துத் திரும்பும் எண்ணெய் அது. டேங்க்கில் ரிட்டர்ன் முனை, உறிஞ்சு முனைக்குத் தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் வந்தால் குமிழியையே மறுபடி உறிஞ்சும்.

போகும் லைன் 10 மி.மீ. உள்விட்டம், ரிட்டர்ன் 8 மி.மீ. துத்தநாகம் பூசிய குழாய், செம்புக் குழாய் இரண்டும் வேண்டாம். டீசல் அவற்றோடு வினைபுரிந்து பிசினாக்கும். சேஸிஸில் தண்ணீர் பிரிப்பான் ஒன்று, எஞ்சினில் நுண் ஃபில்டர் ஒன்று.

டீசல் லைனில் எண்ணெய் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே இழுக்கும். லிஃப்ட் பம்ப்புக்கு முன் ஒரு சாண் ஒளி ஊடுருவும் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் கசிவு டேங்க் பக்கம் இருக்கிறது.

10. பிரேக் பூஸ்டர்: புதியவர்கள் அதிகம் மறப்பது

பெட்ரோல் எஞ்சினின் த்ராட்டில் மூடும்போது மேனிஃபோல்டில் வாக்குவம் உண்டாகும். பூஸ்டர் அதில் வேலை செய்கிறது. டீசலில் த்ராட்டில் கிடையாது, வாக்குவமும் கிடையாது. பழைய ஹோஸை இன்டேக்கில் சொருகினால் பூஸ்டருக்குள் போவது டர்போ பிரஷர்.

இரண்டு வழி உண்டு. வாக்குவம் பம்ப் போடலாம். சுமார் 68 கிலோபாஸ்கல் வாக்குவம் நிலையாகக் கிடைக்க வேண்டும். டாட்ஜ் பிக்கப்பிலிருந்து வந்த 6பிடியில் இந்தப் பம்ப்பும் பவர் ஸ்டியரிங் பம்ப்பும் சேர்ந்தே டைமிங் கியரில் ஓடும். அல்லது ஸ்டியரிங் ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் பூஸ்டர். ஃபயர்வாலில் இடம் குறைவென்றால் இதுவே சரி, இதன் உதவியும் அதிகம். கூடுதல் எடையை நிறுத்த வேண்டிய வண்டி என்பதால் முன் பிரேக் டிரம் என்றால் டிஸ்க்குக்கு மாறிவிடுங்கள். வண்டி முதல் முறை நகர்வதற்கு முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

11. வயரிங்

மெக்கானிக்கல் எஞ்சினுக்கு வயர் கொஞ்சம்தான். செல்ஃப், ஆல்டர்னேட்டர், பம்ப்பின் ஃப்யூவல் கட் சாலினாய்டு, ஹீட்டர், மீட்டர் சென்சார்கள்.

சாலினாய்டுக்குப் பழைய இக்னிஷன் காயில் வயரை எடுத்துக் கொடுப்பது வழக்கமான தவறு. பல பழைய வண்டிகளில் அந்த வயர் ரெசிஸ்டர் வழியாக வருகிறது. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் முழுதாக வராது, சாலினாய்டு சரியாகப் பிடிக்காது. சாவி சுவிட்சிலிருந்து ஃப்யூஸோடு தனி வயர் இழுங்கள். செல்ஃபுக்கு 70 ச.மி.மீ. கேபிள், பேட்டரி நெகட்டிவை நேரே பிளாக்கில் கட்டி, அங்கிருந்து சேஸிஸுக்கும் பாடிக்கும் தனித்தனி எர்த் கொடுங்கள். ஆர்.பி.எம். மீட்டருக்கு இனி காயில் சிக்னல் இல்லை. ஆல்டர்னேட்டரின் ‘டபிள்யூ’ முனையிலிருந்து எடுக்கும் மீட்டர் வேண்டும். வெப்பமானிக்குப் பழைய சென்சாரையே அடாப்டர் திருகில் மாற்றிப் போட்டால் டேஷ்போர்டு முள் சரியாகக் காட்டும்.

12. முதல் ஸ்டார்ட்

தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில். இன்டேக் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகை தயாராக. டர்போ சீல் வழியாக ஆயில் புகுந்தாலோ பம்ப்பில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ராக் சிக்கினாலோ டீசல் எஞ்சின் தன்போக்கில் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினால் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் மூடப் போகாதீர்கள். இன்டேக் குழாயை அதனால்தான் முதல் ஸ்டார்ட்டில் பூட்டாமல் விடுகிறோம்.

15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதன் விசிறியைக் கையால் சுற்றுங்கள். சாலினாய்டு வயரைக் கழற்றிவிட்டு, 15 விநாடி செல்ஃப், இரண்டு நிமிட ஓய்வு என்று ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை சுற்ற வையுங்கள். வறண்ட பேரிங்கில் ஓட விடாமலிருக்க இது.

பிறகு ஏர் எடுக்க வேண்டும். கைப்பம்ப்பை அழுத்தி ஃபில்டரில் குமிழி நிற்கும் வரை, அடுத்து சாலினாய்டு வயரை மாட்டி, நாசில் பக்கத்து நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, செல்ஃப் அடிக்கும்போது எண்ணெய் துடிக்கும் வரை. ஒவ்வொன்றாக இறுக்குங்கள். நாசில் திறக்கும் அழுத்தம் 200 பாருக்கு மேல். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முகம், கை தள்ளியே இருக்கட்டும், கசிவை அட்டையால் தேடுங்கள். காமன் ரெயில் எஞ்சினில் இப்படி நட்டைத் தளர்த்தவே கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டு பிரஷரைப் பாருங்கள். 4பிடி, 6பிடியில் சூடான ஐடிலில் 0.7 பாருக்கும், முழு வேகத்தில் 2 பாருக்கும் கீழே போகக் கூடாது. இரண்டு நிமிடத்தில் நிறுத்தி ஆயில், தண்ணீர், டீசல் மூன்றையும் பாருங்கள்; ரேடியேட்டரில் மட்டம் கட்டாயம் இறங்கியிருக்கும்.

13. முதல் 500 கி.மீ.

சுமை ஏற்றாமல் ஓட்டுங்கள். பிறகு மவுண்ட், பெல் ஹவுசிங், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளையும் இன்டர்கூலர் கிளாம்ப்களையும் மறுபடி இறுக்குங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். வேலையின்போது உள்ளே போன தூசு முதல் ஆயிலில்தான் வரும். மவுண்ட் வெல்டுகளின் ஓரத்தில் பெயின்ட்டில் கோடு விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் அடியில் விரிசல் தொடங்கிவிட்டது.

பம்ப்பின் ஃப்யூவல் ஸ்க்ரூவைத் திருகிச் சக்தி கூட்டும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் எல்லோருக்கும் வரும். டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெப்பமானி பொருத்தாமல் அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். மேட்டில் முழுச் சுமையோடு அது 700° செல்சியஸைத் தொட்டால் காலை எடுக்க வேண்டும். அதற்கு மேல் தொடர்ந்து ஓடினால் முதலில் உருகுவது பிஸ்டன் தலை.